செக் இன்ஜின் லைட்டும் நம்மட காசும்



கொஞ்சம் நீளமான பதிவு. கார், வேன் வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்க யோசிப்பவர்களும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புகிறவர்களும் பொறுமையாக வாசித்துவிடுங்கள். மற்றவர்கள் மன்னிக்கவும்.

விஷயம் ஈஜிஆர். முன்பெல்லாம் இந்தச் சொல்லை கராஜில் மட்டும்தான் கேட்கலாம். இப்போது கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தாலும் கேட்கிறது. "சேர், செக் இன்ஜின் லைட் எரியுது. ஈஜிஆர் போயிட்டாம். வால்வு மாத்தணுமாம். என்ன செய்ய?"

நான் மெக்கானிக் இல்லை. பத்தாம், பதினோராம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். கையில் ஒரு சின்ன ஸ்கேனர் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே குத்தினால் பிழைக் குறியீட்டை போனில் காட்டும். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதுகிறேன்.

நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் வழி திறந்தது. இடையில் ஐந்து வருடம் இருக்கிற வாகனத்தை வைத்தே எல்லோரும் சமாளித்தோம். நம்மட வீதியில் ஓடுகிற பிரியஸ், அக்வா, எக்ஸியோ, கேடிஎச் பலவும் பத்து வயதைத் தாண்டியவை. ஈஜிஆர் வருத்தம் வருகிற வயதும் அதுதான். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுக்க வாசலில் நிற்கிற ஒரு வாகனத்தில் கிடக்கும்போது, தேவையில்லாத பாட்ஸுக்கு ஒரு லட்சம் போவது சின்ன விஷயமில்லை.

முதலில் ஈஜிஆர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதற்குப் பத்தாம் தர விஞ்ஞானம் போதும்.

நாம் சுவாசிக்கிற காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். சாதாரண வெப்பநிலையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஆனால் சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும்போது வெப்பநிலை 1500 பாகை செல்சியசைத் தாண்டிப் போகிறது. அந்தச் சூட்டில் இரண்டும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாக மாறுகின்றன. சுவாசக் குழாயை அரிக்கிற வாயுக்கள் இவை. நகரங்களில் வெயில் நேரத்தில் வருகிற புகைமூட்டத்துக்கும் இவை ஒரு காரணம்.

இதைக் குறைக்க ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தார்கள். சைலன்சருக்குப் போகிற எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, காற்று உள்ளே வரும் பாதையில் கலந்துவிடுவது. எரிந்த வாயுவில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டும் நீராவியும் அதிகம். அது திரும்ப எரியாது, ஆனால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பில் கொதிக்கிற ஆணத்துக்கு ஒரு அகப்பை தண்ணீர் விடுவதுபோல. எரிதலின் உச்ச வெப்பநிலை குறையும், நைதரசன் ஒட்சைட்டும் குறையும். அமெரிக்கக் கார்களில் 1970களின் தொடக்கத்திலேயே இது வந்துவிட்டது. பிரியஸ் போன்ற பெற்றோல் ஹைப்ரிட் கார்களில் இது எரிபொருளை மிச்சப்படுத்தவும் உதவுகிறது.

இதற்குத் தேவையான சாமான்கள் நாலைந்துதான். வாயுவை எடுத்து வருகிற குழாய், அதைக் குளிராக்குகிற கூலர், எவ்வளவு விடுவது என்று திறந்து மூடுகிற வால்வு, சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற மெனிபோல்ட் துவாரங்கள். எல்லாவற்றையும் கவனிக்க சென்சர்களும், இன்ஜின் கம்பியூட்டரும்.

வருத்தம் எங்கே தொடங்குகிறது? எரிந்த வாயுவோடு கரியும் வருகிறது. இன்ஜினிலிருந்து வருகிற ஒயில் ஆவியும் அதோடு சேர்ந்தால் தார்போல ஒட்டிக்கொள்ளும். தூர ஓட்டத்தில் இன்ஜின் நன்றாகச் சூடாகும்போது படிவது குறைவு. நம்மட ஓட்டமோ வேறு மாதிரி. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு, பிள்ளையை ஏற்ற மத்ரஸாவுக்கு. காத்தான்குடி முழுவதும் சில சதுர கிலோமீற்றர்தான். கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குப் போனாலும் ஏழெட்டு கிலோமீற்றருக்குள் பயணம் முடிந்துவிடும். இன்ஜின் சரியாகச் சூடாகும் முன்னரே சாவியைத் திருப்பிவிடுகிறோம். இப்படியே வருடக்கணக்கில் ஓடினால் கூலரின் மெல்லிய வழிகள் அடைபடும், மெனிபோல்ட் துவாரம் ஊசி முனை அளவுக்குச் சுருங்கும்.

அதோடு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று வயர் கனெக்டர்களுக்குள் பச்சை பிடிக்க வைக்கிறது. அதுவும் ஈஜிஆர் லைட்டை எரிய வைக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்கேனர் காட்டுகிற குறியீடு ஒரு அறிகுறியின் பெயர். எந்தப் பாட்ஸ் பழுது என்று அது சொல்வதில்லை.

பி0401 என்று வந்தால், "எதிர்பார்த்த அளவு வாயு வரவில்லை" என்பது மட்டும்தான் அர்த்தம். ஏன் வரவில்லை? வால்வு திறக்காமல் இருக்கலாம். வால்வு நன்றாகத் திறந்தும் கூலர் அடைத்திருக்கலாம். மெனிபோல்ட் துவாரம் அடைத்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, அளக்கிற அழுத்த சென்சரின் துளையில் கரி ஏறியிருக்கலாம். நாலு காரணம், ஒரே குறியீடு. பி0402 என்றால் தேவைக்கு அதிகமாக வருகிறது, அதாவது வால்வு முழுதாக மூடவில்லை என்ற சந்தேகம். பி0403 என்றால் மின்சுற்றில் பிரச்சினை. இதற்கு நாள் முழுக்க கரி கழுவினாலும் லைட் அணையாது. வயரையும் கனெக்டரையும் வால்வின் சுருளையும் மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளை கணக்குப் பாடத்தில் 30 புள்ளி எடுத்தால் உடனே இன்னொரு டியூஷனில் சேர்க்கிற பெற்றோரை நான் ஒவ்வொரு தவணையும் பார்க்கிறேன். பின்வாங்கில் இருந்து கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிற பிள்ளைக்கு டியூஷன் எதற்கு? முதலில் கண்ணைக் காட்ட வேண்டும். காரும் அப்படித்தான்.

என் மச்சான் ஒருவரின் மூன்றாம் தலைமுறை பிரியஸில் பி0401 வந்தது. ஒரு கராஜில் ஸ்கேன் பண்ணிய ஐந்தாவது நிமிடத்தில், "வால்வு மாத்தணும்" என்று ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லிவிட்டார்கள். மச்சான் என்னிடம் வந்தார். தெரிந்த இன்னொரு பாஸிடம் போனோம். வயதான மனிதர், அவசரப்படாதவர். அவர் செய்த ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன். இதுதான் இந்தப் பதிவில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி.

முதலில் குறியீட்டை அழிக்கவில்லை. பிழை வந்த நேரத்தில் வேகம், சூடு, சுமை எல்லாம் எவ்வளவு என்று கம்பியூட்டர் சேமித்து வைத்திருந்ததை எழுதிக்கொண்டார். அழித்தால் அதுவும் போய்விடும்.

இரண்டாவது, கண்ணால் பார்த்தார். கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சை இருக்கிறதா, வயர் எங்கேயும் உரசியிருக்கிறதா என்று. எலி கடித்த வயர்கூட நம்மட பக்கத்தில் சாதாரணம்தான்.

மூன்றாவது, இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறக்கச் சொன்னார். பெற்றோல் இன்ஜினில் அந்த நேரத்தில் வால்வு மூடித்தான் இருக்க வேண்டும். வலுக்கட்டாயமாகத் திறந்தால் எரிந்த வாயு உள்ளே புகுந்து இன்ஜின் நடுங்கும், சிலநேரம் நின்றுவிடும். மச்சானின் காரில் ஒரு மாற்றமும் இல்லை. வாயு வரவில்லை என்பது உறுதியானது. ஆனால் வால்வா, பாதையா?

நான்காவது, வால்வைக் கழற்றி வெளியே வைத்து இயக்கினார். அழகாகத் திறந்தது, மூடியது. வால்வில் பழுது இல்லை.

ஐந்தாவது, கூலரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தேன்கூடு மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு சில ஓட்டைகள்தான் தெரிந்தன. மெனிபோல்டில் நாலு துவாரத்தில் இரண்டு முழுதாக அடைத்திருந்தன.

கூலரை ஊறவைத்துக் கழுவி, துவாரங்களைச் சுரண்டி, புதிய கஸ்கட் போட்டு, கூலண்ட் விட்டு, உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்தார். இந்தக் காரில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. காற்றை எடுக்காமல் விட்டால் இன்ஜின் சூடேறிவிடும். அதன்பிறகுதான் குறியீட்டை அழித்தார். லைட் திரும்ப வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். புதிய வால்வு போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடைத்த கூலருக்குப் பக்கத்தில் ஒரு புது வால்வு சும்மா இருந்திருக்கும். லைட்டும் எரிந்திருக்கும்.

பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் முதலில் ஓடத் தொடங்கும்போது கடகடவென்று நடுங்கி, சற்று நேரத்தில் சரியாகிறதா? கூலண்ட் போத்தலில் மட்டம் மெல்ல மெல்ல இறங்குகிறதா? இரண்டும் சேர்ந்து இருந்தால் ஈஜிஆர் கழுவுவதோடு விஷயம் முடியாமல் போகலாம். ஹெட் கஸ்கட் கசிந்து, இரவில் சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கலாம். பிளக் துவாரத்தால் சின்னக் கெமரா விட்டுப் பார்க்கலாம். மற்ற பிஸ்டன்கள் கறுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தால் கூலண்ட் அதில்தான் இறங்குகிறது. துவாரங்கள் சமமில்லாமல் அடைபடுவதும், கூலர் அடைத்து எரிதல் சூடு கூடுவதும் இந்தக் கஸ்கட் வருத்தத்துக்குக் காரணம் என்று இந்த இன்ஜினில் வேலை செய்கிற மெக்கானிக்மார் பல நாடுகளிலும் சொல்கிறார்கள். அதனால் லைட் எரியும்வரை காத்திருக்காமல் கூலரை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

டீசல் வேன்காரர்களுக்கு. கேடிஎச்சில் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால் இழுவை குறையும், கறுப்புப் புகை தள்ளும். ஆனால் கறுப்புப் புகை என்றாலே ஈஜிஆர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஏர் பில்டர் அடைத்தாலும், டர்போவிலிருந்து போகிற ஹோஸ் வெடித்தாலும், இன்ஜெக்டர் கசிந்தாலும் இதே புகைதான். முதலில் இலகுவானதைப் பாருங்கள். ஏர் பில்டர் பார்க்கக் காசு தேவையில்லை. உள்ளே வருகிற காற்றை அளக்கும் சென்சரின் கணக்கை ஸ்கேனரில் பார்த்தால் இன்னும் தெளிவு. ஈஜிஆர் திறக்கும்போது புதிய காற்றின் அளவு குறைய வேண்டும், மூடும்போது கூட வேண்டும். திறக்கச் சொன்னாலும் மூடச் சொன்னாலும் எண் அசையவில்லை என்றால் ஈஜிஆர் பக்கம் போகலாம். வெற்றிடத்தால் இயங்கும் பழைய வால்வு என்றால் கைப் பம்ப் ஒன்றே போதும். வெற்றிடம் நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கிற டயபிரம் கிழிந்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. "ஏன் இந்த வில்லங்கம்? தகடு அடிச்சு அடைச்சிடுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குழாயின் நடுவே ஒரு இரும்புத் தகட்டை வைத்து ஈஜிஆர் பாதையையே மூடிவிடுவது. டீசல் வேனில் அப்படிச் செய்தால் கறுப்புப் புகை குறையும், இழுவை கொஞ்சம் கூடின மாதிரியும் இருக்கும். அது உண்மைதான், மறுக்கவில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் தடையில்லாமல் போகலாம். ஏனென்றால் இங்கே 2008 முதல் நடக்கிற அந்தப் பரிசோதனையில் டீசலுக்குப் புகையின் அடர்த்தியையும், பெற்றோலுக்குக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும்தான் அளக்கிறார்கள். ஈஜிஆர் எதைக் குறைக்க வந்ததோ, அந்த நைதரசன் ஒட்சைட்டை அங்கே யாரும் அளப்பதில்லை. கண்ணுக்கும் தெரியாது, ரிப்போர்ட்டிலும் வராது. ஆனால் வெளியே வரும்.

இந்த விஷயத்தில் பெரிய கம்பனிகளும் சளைத்தவை அல்ல. 2015 செப்டம்பரில் வொக்ஸ்வாகன் கம்பனி அமெரிக்காவில் பிடிபட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாக ஓடி, வீதிக்கு வந்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிற மென்பொருளை டீசல் கார்களில் போட்டிருந்தார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள். வீதியில் நைதரசன் ஒட்சைட்டு சில கார்களில் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை வந்தது. அவர்கள் மென்பொருளால் செய்ததை நாம் இரும்புத் தகட்டால் செய்கிறோம்.

காலையில் ஏழரை மணிக்கு எந்தப் பாடசாலை வாசலுக்கும் போய்ப் பாருங்கள். நாலைந்து வேன் இன்ஜினை நிறுத்தாமல் நிற்கும். அவற்றின் சைலன்சர் உயரத்தில்தான் முதலாம் தரத்துப் பிள்ளைகளின் மூக்கு இருக்கிறது. என் வகுப்பில் தொய்வுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பேக்குக்குள் புத்தகத்தோடு பம்பும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நைதரசன் ஈரொட்சைட்டு தொய்வைக் கிளப்பும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். பாதையில் கிடக்கிற முள்ளை அகற்றுவது ஈமானில் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பாதையில் தெரியாத முள்ளைத் தூவிக்கொண்டு போகலாமா? வேன் ஓட்டுகிற காக்காமாரைக் குறை சொல்லவில்லை. மாதம் பிறந்தால் லீசிங் கட்ட வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். கழுவிச் சரிசெய்கிற செலவைப் பெற்றோரும் வேன்காரரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். குறைந்தது, வாசலில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்துவதற்குக் காசு தேவையில்லை.

அடுத்தது விற்பனை. கேட்டால் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். லைட் எரிகிற காரை விற்பதற்கு முன் ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது டாஷ்போர்ட் சுத்தமாக இருக்கும். ஒரு கிழமையில் லைட் திரும்ப வரும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குறியீட்டை அழித்தால், அல்லது பற்றறியைக் கழற்றினால், கம்பியூட்டர் தன் சுயபரிசோதனைகள் எல்லாவற்றையும் "இன்னும் முடியவில்லை" என்று காட்டும். சாதாரண ஸ்கேனரிலேயே இந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வந்த எல்லா வாகனமும் எல்லா விபரத்தையும் காட்டாது என்றாலும், பலவற்றில் தெரியும். தினமும் ஓடுகிற கார் என்று சொல்லி விற்கிறார், ஆனால் ஒரு பரிசோதனைகூட முடியவில்லை என்றால், "எப்ப அழிச்சீங்க, ஏன் அழிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். டாஷ்போர்டில் லைட் இல்லை, உள்ளே கூலர் அடைப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? வியாபாரத்தில் பெயர் எடுத்த ஊர் நம்மட ஊர். "ஈஜிஆர் கழுவ வேண்டியிருக்கு, அதுக்கு இவ்வளவு குறைச்சுத் தாறன்" என்று சொல்லி விற்றால் காசு கொஞ்சம் குறையும், பரக்கத் குறையாது.

கராஜ்காரர்களுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பழுதை முதலில் கண்டுபிடிக்க இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். ஆனால் நம்மில் பலருக்கு அதற்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. "பார்க்க மட்டும்தானே பார்த்தீங்க, ஒண்ணும் மாத்தலியே" என்று சொல்லி ஒரு பிளேன்டிக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பாட்ஸ் மாற்றினால் மட்டும் ஆயிரமாயிரமாகக் கொடுக்கிறோம். அப்படியென்றால் கராஜ்காரர் என்ன செய்வார்? பாட்ஸைத்தான் மாற்றுவார். நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும். என் மச்சானின் காரைப் பார்த்த பாஸ், சோதித்ததற்குத் தனியாகக் கூலி சொன்னார். மச்சான் முகம் சுளிக்காமல் கொடுத்தார். மொத்தச் செலவு முதல் கராஜ் சொன்னதில் பாதிகூட வரவில்லை.

இனி லைட் எரிந்தால், காசை எடுக்கும் முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

1. என்ன குறியீடு வந்தது? எழுதித் தாங்க, அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. இந்தப் பாட்ஸ்தான் பழுது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? என்ன சோதனை செய்தீர்கள்?
3. கழற்றிய கூலரையும் வால்வையும் கழுவ முன்னும், கழுவிய பின்னும் எனக்குக் காட்டுவீர்களா?
4. சோதனைக்கு மட்டும் எவ்வளவு கூலி?

இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற பாஸைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் நம்மட பக்கத்தில் இருக்கிறார்கள். ஏறாவூரிலும் இருக்கிறார்கள், ஆரையம்பதியிலும் இருக்கிறார்கள், ஓட்டமாவடியிலும் இருக்கிறார்கள். கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் கூடினால் அவர்களும் கூடுவார்கள்.

கடைசியாக, குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடுகிற வாகனத்தைக் கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் நல்ல வீதியில் ஓட்டுங்கள். கூலண்ட் மட்டத்தை மாதம் ஒருமுறை குளிர்ந்த இன்ஜினில் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை, லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும், ஈஜிஆர் பாதையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வாகனம் வைத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கும் வேன் ஓட்டுகிற காக்காமாருக்கும் இதைப் பகிருங்கள். பிழை இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்மார் கீழே திருத்துங்கள், எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும். அல்லாஹ் நம் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக.

வஸ்ஸலாம்.